ஏழு அங்குலம் சுருங்கிய சம்பந்திப் புடவை

அத்தியாயம் 17

தாய் ஸ்தானத்தின் விலை பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய். ஆடித் தள்ளுபடி பத்து சதவீதம் போக, பத்தாயிரத்து அறுநூற்று இருபது.

தாய்க்கு விலை ஏது என்று மைக்கைப் பிடித்தவர்கள் கேட்கலாம். திருச்சி சின்னக்கடை வீதியில் இருபத்திரண்டு வருடமாகப் புடவை விற்கும் அனுசுயா கேட்க மாட்டாள். விலையில்லாத பொருள் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, விலைச்சீட்டைக் கிழித்துவிட்ட பொருள்தான் உண்டு என்பது அவள் கட்சி. போன வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் புறப்படுமுன் அவளும் அப்படித்தான் ஒரு சீட்டைக் கிழித்தாள்.

அந்தப் புடவை அவள் கடைச் சரக்குதான். கத்தரிப்பூ நிறத்தில் சுத்தமான க்ரேப் பட்டு. ஜரிகை கிடையாது, பளபளப்பு கிடையாது. கையில் எடுத்தால் ஆற்று மணல் மாதிரி மெல்ல நழுவும். மகள் யாழினியைக் கட்டிக்கொள்ளப் போகும் ஜகன்னாத்துக்கு நாலு வயதிலேயே தாய் போய்விட்டாள். வளர்த்தவள் அத்தை வேதவதி, இருபத்தாறு வயதில் கணவனை இழந்தவள், பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சம்பந்தியம்மாவுக்கு வைக்க வேண்டிய புடவையைத் தட்டில் வைத்து, "இது அம்மா ஸ்தானத்துக்கு" என்று அனுசுயா நீட்டியபோது, வேதவதி அதை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. அனுசுயாவின் அண்ணன் காத்தமுத்து, மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர், யாழினிக்குத் தாய்மாமன், திரும்பி வரும்போது காரில் கொதித்துவிட்டார். "வாங்கன்னு ஒரு வார்த்தை வரலை அந்தம்மா வாயிலேருந்து. அவங்க அய்யங்கார், நாம வேற. அதுக்குத்தானே? இதோ பாரு அனுசு, புள்ளைக்காகப் பொறுத்துக்கறேன். ஆனா நாளைக்கு ஏதாவது சாக்கு சொல்லி நிச்சயத்தைத் தள்ளி வச்சாங்கன்னு வையி, அதோட சரி. நான் மேடை ஏற மாட்டேன்."

நிச்சயதார்த்தம் நாளை காலை. இன்று வியாழன். பகல் பன்னிரண்டரைக்குக் கடையில் போன் அடித்தது.

"நமஸ்காரம். அழகியமணவாளன் பேசறேன், ஸ்ரீரங்கத்துலேர்ந்து." ஜகன்னாத்தின் அப்பா. பேங்கில் மேனேஜராக இருந்தவர். கடன் இல்லை என்று சொல்லும்போதுகூட மன்னிப்புக் கேட்கிற குரல்.

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்லே. காத்தால அக்காவுக்குக் கால் பிசகிடுத்து. கொல்லைல வழுக்கிட்டா போல இருக்கு. வலது கால். க்ரேப் பேண்டேஜ் சுத்திண்டு படுத்துண்டிருக்கா. நாளைக்கு வர முடியாதுங்கறா."

"ஐயையோ. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வேண்டாம்னுட்டா. ஜகன் என்னடான்னா, அத்தை இல்லாம நான் மணைல உக்கார மாட்டேங்கறான். அதனாலே..." அவர் எச்சில் விழுங்கியது இந்தப் பக்கம் கேட்டது. "கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமான்னு."

அனுசுயா காலண்டரைப் பார்த்தாள். நாளை ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. ஆடி மாதம் புடவைக் கடைக்குத்தான் கல்யாணம், கல்யாண வீடுகளுக்குக் கிடையாது.

"சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் வந்து டீச்சரம்மாவைப் பார்த்துட்டுப் பேசறேன்" என்று வைத்தாள்.

கல்லாவில் இருந்த கணவர் சிவசங்கர் நிமிராமலே, "தள்ளி வைக்கிறாங்களா?" என்றார்.

"காலு பிசகிடுச்சாம்."

"உங்கண்ணன்கிட்ட சொல்லிப் பாரு. யாரு காலு யாரு கையில மாட்டுதுன்னு தெரியும்."

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் யாழினி. இரண்டு கையிலும் க்ரேப் பேப்பர் சுருள்கள், மஞ்சளும் ரோஜா நிறமுமாக. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருக்கட்டும் என்று திருவானைக்காவலில் பிடித்த மண்டபத்துக்கு இவளே அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். இவளும் ஜகன்னாத்தும் சேர்ந்து தில்லைநகரில் ஒரு சின்னக் கடை போடப் போகிறார்கள். அதில் விற்கப்போவதும் க்ரேப்தான், தின்கிற க்ரேப். கைக்குட்டை மாதிரி மடித்துத் தருகிற மெல்லிய மைதா தோசை. ஒன்று நூற்று எண்பது ரூபாய். அதைக் கேட்டபோது காத்தமுத்து மாமா, "உள்ள என்ன, நகை ஏதும் வச்சிருக்கா?" என்றார்.

"அம்மா, ஜகன் போனை எடுக்க மாட்டேங்கறான். மெசேஜ் பார்த்திருக்கான், பதில் இல்ல."

அனுசுயா விஷயத்தைச் சொன்னாள். யாழினி பேப்பர் சுருள்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பிசகினது காலா, மனசா?"

"பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நானும் வரேம்மா."

"நீ வந்தா அது கெஞ்சறது. நான் போனா அது நலம் விசாரிக்கறது. நீ போயி பேப்பரை ஒட்டு."

யாழினி எழுந்தாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "காலையில போட்டது. அத்தைகிட்டக் குடு. முட்டை இல்லேன்னு முதல்லயே சொல்லிடு." கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வியாபாரி மகள். "டப்பாவைத் திருப்பி வாங்கிட்டு வந்துடு" என்றாள்.

கிளம்புகிற நேரத்தில் காத்தமுத்து போன் செய்தார். பங்காளிகளுக்கு வேன் பிடிக்க வேண்டுமாம், சாயங்காலம் ஆறு மணிக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டுமாம். "சொல்றேண்ணே" என்றாள் அனுசுயா. எதைச் சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஜன்னலோரத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அனுசுயா யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லிக் கடைப்படி இறங்குகிறவர்களில் இரண்டு வகை. ஒரு வகை திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அவர்களை விட்டுவிட வேண்டும். இன்னொரு வகை வாசலில் நின்று செருப்பை ரொம்ப மெதுவாக மாட்டும். அவர்களுக்குப் புடவை வேண்டும், சொல்லத்தான் கூச்சம். வேதவதி எந்த வகை?

கீழ உத்தர வீதி வீட்டில் கூடத்துக் கட்டிலில் வேதவதி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சிவந்த மேனி, வெள்ளைப் பின்னல், கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. இடது கணுக்காலில் கட்டு.

அனுசுயா அந்த இடது காலைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்து வந்த அழகியமணவாளனும் அதே காலைப் பார்த்தார். அவருக்கு அந்த சாமர்த்தியம் போதவில்லை.

"அக்கா, காத்தால வலது கால்னா சொன்னே?"

"அழகு, உள்ளே போய் காப்பி கலந்துண்டு வா."

"இல்லே, நான் இவாகிட்ட போன்ல வலது..."

"காப்பி!"

அவர் போனார். அனுசுயா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டு தளர்ந்திருக்கு டீச்சரம்மா. இந்தத் துணியை இழுத்துச் சுத்தலேன்னா நிக்காது. குடுங்க, நான் சுத்தி விடறேன்."

"வேண்டாம், இருக்கட்டும்."

அதற்குள் கட்டு பாதி அவிழ்ந்துவிட்டது. துணி விற்ற கைக்குத் துணியின் சரித்திரம் தெரியும். காலையிலிருந்து கட்டியிருந்தால் தோலில் வரிவரியாகத் தடம் விழுந்திருக்க வேண்டும். இங்கே தோல் வழவழவென்று இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்ட பிறகு சுற்றிய கட்டு. வீக்கம் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை.

அனுசுயா துணியை நிதானமாகச் சுருட்டி மடியில் வைத்தாள்.

"டீச்சரம்மா, உங்க காலுக்கு ஒண்ணுமில்ல. எங்க பொண்ணு வேண்டாம்னா நேரா சொல்லிடுங்க. நான் கடைக்காரி. வேண்டாம்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவமே வராது. அப்புறம் வரேன்னு சொல்றவங்களைக் கண்டாத்தான் பிடிக்காது."

வேதவதி அவளையே பார்த்தாள். முப்பது வருடம் வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளைகளைக் கண்டுபிடித்த கண்கள். இன்றைக்கு அந்தக் கண்களே மாட்டிக்கொண்டு முழித்தன.

பிறகு கட்டிலைவிட்டு இறங்கினாள். இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நடந்தாள். "இப்படி வந்து பாருங்கோ" என்றாள்.

கொல்லையில் பூத்துக் குலுங்கும் நந்தியாவட்டைச் செடி. அதை ஒட்டி ஒரு கொடி. கொடியில் ஒரு ஈர வேஷ்டி, அளவுக்கு மீறி அகலமாக விரித்திருந்தது. வேதவதி வேஷ்டியை விலக்கினாள்.

அடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ தொங்கியது. அது புடவை என்று தெரிய அனுசுயாவுக்கே ஒரு நொடி பிடித்தது. பொரித்த அப்பளம் மாதிரி உடம்பெல்லாம் சுருக்கம். அகலத்தில் பாவாடைத் துணி மாதிரி ஒடுங்கிப் போயிருந்தது.

"நனைச்சேன்" என்றாள் வேதவதி. "நாளைக்கு ஸந்நிதிக்குப் போய் ஸேவிச்சுட்டு மண்டபத்துக்கு வரணும்னு இருந்தேன். மடியாக் கட்டிக்கணுமே. கடைல எத்தனை பேர் தொட்டதோ, ஒரு தரம் நனைச்சு உலர்த்திடலாம்னு."

"பட்டுக்குத்தான் நனைக்க வேண்டாமே உங்கள்ல? பட்டு எப்பவுமே மடிதானே?"

"பட்டுன்னு எனக்குத் தெரியலையே!" வேதவதி கண்ணாடியைக் கழற்றினாள். "ஜரிகை இல்லே. சலசலன்னு இல்லே. ஏதோ நைலக்ஸ் மாதிரி, இந்தக் காலத்துத் துணின்னு நினைச்சேன். போறது, அவா ஆசையா வெச்சது, நைலக்ஸா இருந்தா என்ன, கட்டிக்கறேன்னுதான் நனைச்சேன். வாளிலேர்ந்து எடுக்கறச்சே கைக்குள்ளயே சுருங்கறது. எனக்கு உசிரே போயிடுத்து."

"அப்புறம்?"

"கட்டிண்டு வர முடியாது. வேற புடவை கட்டிண்டு வந்தா, உங்க மனுஷாள்லாம் என்ன நினைப்பா? தட்டுல வெச்சதைத் தூக்கிப் போட்டுட்டா, அவ்வளவு திமிர்னுதானே? அதுக்குக் கால் பிசகறது தேவலைன்னு தோணித்து."

அனுசுயா கொடியருகே போனாள். கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். அவளிடம் கைக்குட்டை இல்லாமல் இருக்கும், டேப் இல்லாமல் இருக்காது. அகலத்தை அளந்தாள். கடையில் நாற்பத்தாறு அங்குலம் இருந்தது. இப்போது முப்பத்தொன்பது. டேப்பைத் தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பதுதான்.

இந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்துவிடலாம். பரம்பரை வியாபாரத்தில் பிறந்தவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. எதிராளி தானாக வந்து தப்பு என்னுடையது என்று தலைகுனிந்து நிற்கும்போது கடைக்காரி வாயைத் திறக்கக் கூடாது. மகளை அனுப்பப் போகிற வீட்டில் மாமியார் ஸ்தானத்தில் இருப்பவள் நமக்குக் கடன்பட்டிருந்தால், அந்தக் கடன் பத்து வருடத்துக்கு வட்டி தரும். நாளைக்கு யாழினி நேரம் கழித்து எழுந்தாலும், குழம்பில் உப்பு தூக்கினாலும், இந்தப் புடவை வந்து நின்று காப்பாற்றும்.

அனுசுயா அதை நினைத்தாள். நன்றாகவே நினைத்தாள். பிறகு டேப்பைச் சுருட்டினாள்.

"தப்பு உங்களுது இல்ல, டீச்சரம்மா. பெட்டியில ஒரு அட்டை இருந்துது. சுத்தப் பட்டு, தண்ணி ஆகாதுன்னு அச்சடிச்ச அட்டை. அதை நான்தான் கிழிச்சேன்."

"ஏன்?"

"ஆடித் தள்ளுபடிச் சீட்டை முன்கூட்டியே எல்லாத்துலயும் ஒட்டி வச்சிருந்தேன். அந்த அட்டை மேலயும் ஒட்டியிருந்துது. சுரண்டினா வரலை. சம்பந்திக்குத் தள்ளுபடிச் சரக்கு வச்சான்னு பேர் வந்துடக் கூடாதேன்னு அட்டையோட பிச்சுக் குப்பையில போட்டேன். மன்னிச்சுக்குங்க."

வேதவதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "எத்தனை பர்சென்ட்?"

"பத்து."

"பத்து பர்சென்ட்டுக்கா நான் காத்தாலேர்ந்து நொண்டிண்டு இருக்கேன்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அனுசுயாவும் சிரித்தாள். காப்பியோடு வந்த அழகியமணவாளன், இரண்டு பெண்கள் சுருங்கிய புடவை பக்கத்தில் நின்று சிரிப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் சிரித்து வைத்தார்.

"இதுக்கு என்னன்னு பேர் சொன்னேள்?" என்றாள் வேதவதி.

"க்ரேப். ஊடை நூலை ரொம்ப இறுக்கி முறுக்கி நெய்யறது. தண்ணி பட்டா அந்த முறுக்கு திரும்பும். அகலம் உள்ள போயிடும்."

வேதவதி நந்தியாவட்டைச் செடியைக் காட்டினாள். "இதுக்கு இங்கிலீஷ்ல க்ரேப் ஜாஸ்மின். முப்பது வருஷம் பசங்களுக்கு போர்டுல எழுதிப் போட்டிருக்கேன். இதழ் ஓரம் சுருங்கியிருக்கும், அதான் அந்தப் பேர்னு. ஏன் க்ரேப்னு ஒரு பொண்ணு கேட்டா. பரீட்சைல வராது உக்காருன்னுட்டேன்."

அனுசுயா அதற்குள் பாலக்கரையில் புடவைக்கு ரோல் பாலிஷ் போடும் பஷீர் அகமதுவுக்குப் போன் செய்துவிட்டாள். கடைப் புடவைகளெல்லாம் அவரிடம்தான் போகும். விஷயத்தைக் கேட்டவர் முதலில் "யா அல்லா" என்றார். பிறகு தொழில் பேசினார்.

"முழுசாக் காஞ்சிடுச்சாக்கா?"

"லேசா ஈரம் இருக்கு."

"அப்ப பொழச்சுது. இங்க கொண்டாராதீங்க, வர்றதுக்குள்ள காஞ்சிரும். டேபிள் மேல கம்பளி போடுங்க. ரெண்டு பேரு ரெண்டு கரையைப் புடிச்சு இழுக்கணும். இழுத்த மானிக்கு நடுவுல ஒருத்தர் இஸ்திரி ஓட்டணும். சூடு கம்மியா, மேல ஒரு வெள்ளைத் துணி போட்டு. ஒரு ஜாண் முடிச்சா அடுத்த ஜாண். அவசரப்படக் கூடாது. ஒருத்தர் கூட இழுத்து ஒருத்தர் கம்மியா இழுத்தா கோணிக்கும், பாத்துக்குங்க."

சாப்பாட்டு மேஜையில் கம்பளி விரிந்தது. ஒரு பக்கம் அனுசுயா, எதிர்ப்பக்கம் வேதவதி. நடுவில் இஸ்திரிப் பெட்டியோடு அழகியமணவாளன். முப்பத்தைந்து வருடம் கையெழுத்து மட்டுமே போட்ட கை அது. புடவை மேல் வெள்ளை வேஷ்டியைப் போட்டுப் பெட்டியை வைத்தபோது, லாக்கர் திறப்பது மாதிரி பயந்து பயந்து வைத்தார்.

"இழுங்க டீச்சரம்மா."

"இழுக்கறேன். கிழிஞ்சுடாதே?"

"க்ரேப் கிழியாது. இழுபடும். இன்னும் கொஞ்சம். போதும் போதும், என் பக்கம் வருது."

"நீங்க விடாதீங்கோ."

"நான் எங்க விடறேன்? சார், ஓட்டுங்க."

சுஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பெட்டி நகர்ந்த இடத்தில் சுருக்கம் படிந்து, துணி ஒரு பெருமூச்சு விட்டு அகன்றது. டேப் வைத்தார்கள். நாற்பத்துநாலு.

"வந்துடுத்து!" என்று கத்தியது அழகியமணவாளன். அவ்வளவு சத்தமாக அவர் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

ஒரு ஜாண் முடிந்தது. ஐந்தரை மீட்டரில் ஒரு ஜாண். கைக்குக் கை மாற்றிப் பிடித்து, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தார்கள். எதிரும் புதிருமாக நின்று இரண்டு மணி நேரம் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டிருந்தால் பேசாமல் இருக்க முடியாது.

"அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை பேசலையே, டீச்சரம்மா. எங்கண்ணன் இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்காரு."

வேதவதி கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா ஸ்தானத்துக்குன்னு சொல்லிட்டேள். வாயைத் திறந்தா அழுதுடுவேன். அத்தனை பேர் முன்னாடி அழுதா, வந்தவாளுக்கு அபசகுனமா இருக்காதோ? அதான் உள்ளே போயிட்டேன்." அடுத்த ஜாணுக்குக் கை மாற்றிக்கொண்டு, "இருபத்தாறு வயசுலேர்ந்து நான் எந்த மணைப் பக்கத்துலயும் நின்னதில்லே. இது சுருங்கினதும், ஓஹோ, பெருமாளே வேண்டாம்னு சொல்றார்னு நினைச்சுண்டேன்" என்றாள்.

"பெருமாள் ஒண்ணும் சொல்லலை. அது நூல் முறுக்கு. அவர் உடுத்திக்கிட்டுத் தண்ணியில இறங்கினாலும் சுருங்கத்தான் செய்யும்."

"அபசாரம்!" என்றாள் வேதவதி. உதடு மட்டும் சிரித்தது.

"மேடையில தட்டை நான் உங்க கையிலதான் குடுப்பேன். வேற யாராவது கையை நீட்டினா, திருப்பி எடுத்துட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்."

அழகியமணவாளன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைப்பது போல் கண்ணைத் துடைத்தார். "அக்கா, நான் இதைத்தான் ஒரு மாசமா..."

"நீ எங்கே சொன்னே? மனசுக்குள்ளேயே சொல்லிண்டிருப்பே. ஓட்டு, ஓட்டு, சூடு ஆறிடப் போறது."

முந்தானை வரை வந்து முடித்தபோது மணி ஐந்தே முக்கால். ஓரம் முழுக்க டேப் பிடித்தாள் அனுசுயா. எல்லா இடத்திலும் நாற்பத்துநாலு. இனி இழுத்தால் வராது. மீதி இரண்டு அங்குலத்துக்கு இடுப்பில் செருகும் பக்கமாக அதே நிறத்தில் ஒரு துண்டை ஒட்டுப் போட்டுவிடலாம், உள்ளே போகிற பக்கம் யார் கண்ணிலும் படாது. ராத்திரியே தைத்துக் காலையில் மண்டபத்துக்குக் கொண்டு வருவதாக அவள் சொன்னாள்.

"மண்டபத்துல கட்டிக்கறதா? வேண்டாம். விடிகாலைல இங்கேயே குடுத்து விடுங்கோ. ஆத்துப் பெருமாளை ஸேவிச்சுட்டுக் கட்டிண்டு வரேன். பட்டுன்னு தெரிஞ்சு போச்சே, இனிமே நனைக்க மாட்டேன்." அப்போதுதான் மேஜை ஓரத்திலிருந்த டப்பாவைப் பார்த்தாள். "இது என்ன?"

"யாழினி குடுத்து விட்டா. அவங்க கடை க்ரேப். முட்டை கிடையாது."

"வெளில பண்ணினதை நான் சாப்பிடறதில்லேன்னு அவளுக்குத் தெரியாதோ?" என்றபடி மூடியைத் திறந்து பார்த்தாள். மடித்து மடித்து வைத்த மெல்லிய வட்டங்கள். "ஒண்ணு என்ன விலை?"

"நூத்தி எண்பது."

"மைதா தோசைக்கா? அழகு, நீ கடன் குடுத்திருப்பியோ இந்தக் கடைக்கு?" மூடியைச் சாத்தினாள். "ஞாயித்துக்கிழமை அவளை இங்கே வரச் சொல்லுங்கோ. கல்லைக் கொண்டு வரட்டும். நம்மாத்து அடுப்புல வார்த்துப் போட்டா நான் சாப்பிட்டுட்டுச் சொல்றேன், நூத்தி எண்பதுக்குத் தகுமோ தகாதோன்னு."

அனுசுயாவின் போன் அடித்தது. காத்தமுத்து.

"என்ன அனுசு, வேன்காரன் வந்து நிக்கிறான். உண்டா இல்லையா? ஸ்ரீரங்கத்துலேருந்து ஏதோ கால் வலிங்கறாங்கன்னு காதுல விழுந்துச்சே."

"அண்ணே, அது வந்து..."

வேதவதி கையை நீட்டினாள். டீச்சர் கை. கொடு என்றால் கொடுக்க வேண்டிய கை. அனுசுயா கொடுத்தாள்.

"நான் வேதவதி பேசறேன். ஜகன்னாத்தோட அத்தை." ஒரு நொடி நிறுத்தினாள். "அம்மா ஸ்தானத்துல இருக்கறவ."

மறுமுனையில், ஓடிக்கொண்டிருந்த ஆலை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி ஒரு அதட்டல் கேட்டது.

"அன்னிக்கு எங்காத்துக்கு வந்தேள். வாங்கோன்னு சொல்லாம உள்ளே போனது தப்பு. மன்னிக்கணும். நாளைக்கு ஏழரைக்கெல்லாம் எல்லாரையும் கூட்டிண்டு மண்டபத்துக்கு வாங்கோ. தாய்மாமன் வராம நான் தட்டைத் தொட மாட்டேன்."

மண்ணச்சநல்லூர் சந்தையில் பத்து பேர் குரலை ஒரே குரலில் அடக்குகிற மனுஷர். அவரே இப்போது தடுமாறினார். "அதெல்லாம்... நீங்க பெரியவங்க... மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. வர்றோங்க. பதினெட்டு பேரு வர்றோம்." பிறகு, "காலு எப்படிங்க இருக்கு?" என்றார்.

"இப்போ தேவலை" என்றாள் வேதவதி, அனுசுயாவைப் பார்க்காமல்.

போன் அனுசுயாவிடம் திரும்பி வந்தது. அண்ணன் குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ இருப்பது போலவும், அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போலவும்.

"அனுசு, அந்தம்மா இவ்வளவு பேசினதுக்கப்புறம் நானும் மறைக்கக் கூடாது. நாளைக்குத் தட்டு மாத்தறதுக்கு முன்னால அவங்ககிட்ட நான் ஒரு விஷயம் சொல்லியாகணும்."

"என்ன விஷயம்ணே?"

"போன்ல சொல்றதில்ல."

"யாழினி விஷயமா?"

"காலையில வா, சொல்றேன்." வைத்துவிட்டார்.

அனுசுயா போனைப் பையில் போட்டாள். வேதவதி சிவப்புத் துண்டு ஒன்றை உதறிப் புடவையைப் பக்குவமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், தொட்டில் பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி. அண்ணன் சொன்னதை அனுசுயா அவளிடம் சொல்லவில்லை. மூட்டையை வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. காவிரியில் சாயங்கால வெளிச்சம் கிடந்தது. யாழினிக்கு, "மண்டபத்துல பேப்பரை நல்லா ஒட்டு, நாளைக்கு நிச்சயம்" என்று செய்தி அனுப்பினாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கடை சாத்தும் நேரத்துப் பழக்கம், மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது.

சுருங்கியது ஏழு அங்குலம். இழுத்து மீட்டது ஐந்து, ஒட்டுப் போட்டது இரண்டு. நேர்.

மறைத்தது இரண்டு பேர், ஒப்புக்கொண்டது இரண்டு பேர். நேர்.

கேட்க வேண்டியிருந்த மன்னிப்பு இரண்டு, கேட்டாகிவிட்டது இரண்டு. நேர்.

அண்ணன் வாய்க்குள் ஒரு விஷயம். பாக்கி.